சர்க்கார் எழுத்தும் குடிஜனங்களின் கண்ணும்

சர்க்கார் ஒரு சங்கதியைப் பொது ஜனங்களுக்குத் தெரிவிக்கும்போது, அதை எந்த மாதிரி எழுத்தில் அச்சிட்டுத் தெரிவிக்கிறது என்பதைப் பற்றி இவ்வாரம் எழுதப் போகின்றோம் என்றால் வாசகர்களில் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். "வயிற்றுக்குச் சோறில்லை என்கிற இடத்தில் வாழையிலையின் பச்சையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே" என்றும் சொல்லக்கூடும். ஆனால் சோறு யாருக்கு, எந்தத் தேதியில், எந்தக் கடையில், என்ன சீட்டைக் காட்டினால் கிடைக்கும் என்பதையெல்லாம் சர்க்கார் எழுத்தின் மூலமாகத்தான் சொல்லுகிறது. அந்த எழுத்து, படிக்கிறவன் கண்ணுக்குப் பிடிபடவில்லையானால் சோறும் கைக்குப் பிடிபடாது. ஆகவே இது இலையின் பச்சையைப் பற்றிய பேச்சல்ல. சோற்றைப் பற்றிய பேச்சேயாகும்.

சோப்பு விற்கிறவனும், சிகரெட்டு விற்கிறவனும் தன் சரக்கை ஜனங்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள வேண்டுமென்பதற்காகத் தனக்கென்று ஒரு ஜாடை எழுத்தை வைத்துக்கொள்ளுவது வெகுகால வழக்கம். இதைப் பிராண்டு எழுத்து என்கிறார்கள். இப்போது சர்க்கார்களும் அந்த வழியில் இறங்கியிருக்கின்றன. ஸ்வீடன் சர்க்கார் 2014-ல் தன் நாட்டின் பெயரையே இட்டு "ஸ்வீடன் சான்ஸ்" என்று ஓர் எழுத்தை உண்டாக்கிக் கொண்டது. பிரான்சு சர்க்கார் 2020-ல், தங்கள் குடியரசின் உருவமாகப் பாவிக்கப்படும் மரியான் என்னும் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்தை எடுத்துக் கொண்டது. டச்சு சர்க்கார் இலாகாவுக்கு ஒரு முத்திரை என்று இருந்ததை மாற்றி, எல்லாவற்றிற்கும் ஒரே முத்திரை, ஒரே குடும்பத்து எழுத்து என்று ஏற்பாடு செய்தது. இந்திய சர்க்காரின் மின்னணு இலாகாவும் 2025-ல் இதற்கென்று ஒரு கையேடு வெளியிட்டது.

இது வேண்டியதா, வேண்டாததா என்று கேட்டால், நாம் ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எழுத்து என்பது ஒரு கருவி. மண்வெட்டி எப்படியோ, இறவைச் சால் எப்படியோ, அப்படியே எழுத்தும். கருவியைத் தேர்ந்தெடுக்கிறவன் அதைப் பிடித்து வேலை செய்யப் போகிறவனுடைய கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்க்கார் எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் யாருடைய கண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கண்ணையா, இந்தப்புறம் நின்றுகொண்டிருக்கும் குடியானவனின் கண்ணையா? இந்த ஒரு கேள்விதான் நமது கேள்வி.

சமீபத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வயோதிகர் நம்மிடம் வந்து சொன்ன சங்கதியைக் கேளுங்கள். அவர் கிராமத்தின் பெயர் "கோட்டை" என்று ஆரம்பிப்பது. வெள்ளத்தில் பயிர் அழிந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் தொகைக்காக ஒரு ஜாபிதா அச்சாகி ஒட்டப்பட்டது. அச்சிட்டவர்கள் அது பார்வைக்கு ஒயிலாக இருக்க வேண்டுமென்று, கல்யாணப் பத்திரிகைக்கு ஏற்ற ஒரு நெளிந்த எழுத்தை உபயோகித்திருந்தார்கள். அந்த எழுத்தில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் உள்ள பேதம் மயிரிழை. அதைப் பார்த்து மறு ஆபீசில் பெயர்த்து எழுதிய குமாஸ்தாவுக்கு அந்த மயிரிழை தெரியவில்லை. "கோட்டை" "கொட்டை"யாயிற்று. அப்படி ஒரு கிராமம் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. ஆகவே "மேற்படி கிராமம் இல்லாதபடியால் மனு தள்ளப்பட்டது" என்று பதில் வந்தது. கிழவர் நான்கு மாதம் நடந்தார். பஸ் சத்தமும், மனு எழுதுகிறவனுக்குக் கூலியும், போன நாட்களின் வேலையும் கணக்குப் பார்த்தால் வரவேண்டிய தொகையில் பாதி ஓடிவிட்டது. அவர் ஊரைத் தண்ணீர் அழித்தது ஒரு தடவை. எழுத்து அழித்தது மற்றொரு தடவை.

இதற்கு யாரைத் தண்டிப்பது? குமாஸ்தா வேண்டுமென்று செய்யவில்லை. அச்சிட்டவர் அழகாக இருக்கட்டும் என்றுதான் செய்தார். கிழவர் செய்த பாவம் ஒன்றுமில்லை. ஆனால் கஷ்டம் மாத்திரம் கிழவருக்கு. சர்க்கார் எழுத்து விஷயத்தில் எப்போதும் இப்படித்தான்: அலங்காரம் ஒருவனுடையது, அபராதம் மற்றொருவனுடையது.

நம் தமிழ் எழுத்தில் இந்த அபாயம் வேறு பாஷை எழுத்துகளைவிட ஒருபடி அதிகம் என்றே சொல்ல வேண்டும். ஒரு புள்ளி இருந்தால் "கண்". அது மங்கிவிட்டால் "கண". ஒரு சிறு கோடு இருந்தால் "ஏரி". அது தேய்ந்தால் "எரி". "ர" என்ற எழுத்தும் துணைக்காலும் அநேக அச்செழுத்துகளில் ஒன்று போலவே காணப்படும். "ஔ" என்ற ஓர் எழுத்தையும், "ஒ", "ள" என்ற இரண்டு எழுத்துகளையும் பார்வையில் பிரித்தறிவது படித்தவர்களுக்கே கஷ்டம். இலக்கங்களிலோ, நெருக்கி அச்சிட்டால் 3-க்கும் 8-க்கும், 1-க்கும் 7-க்கும் சண்டை. சர்வே நம்பரில் 3 என்பது 8 ஆகிவிட்டால் அடுத்தவன் நிலமல்லவா கைமாறுகிறது!

பழைய காலத்தில் ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழிந்துபோகும் என்பதற்காகப் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். படிக்கிறவன் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் இப்போதிருக்கும் பேதத்தை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் என்று சொல்லப்படுகிறது. பிறகு அச்சு வந்தது. காகிதத்தில் புள்ளி வைத்தால் காகிதம் கிழியாது என்று கண்டதும் புள்ளியும் நிலைத்தது. அதாவது, எழுதுகிற பொருள் மாறினபோதெல்லாம் எழுத்தும் மாறியே வந்திருக்கிறது. வானத்திலிருந்து விழுந்த எழுத்து என்று ஒன்று எந்த நாட்டிலும் கிடையாது.

1935-ல் "குடி அரசு" பத்திரிகையில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளைத் தனித்தனி வளைவும் துதிக்கையுமாக எழுதாமல், மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் சேர்த்து எழுத ஆரம்பித்தபோது, தமிழ்த்தாயின் அங்கத்தையே வெட்டிவிட்டதாகப் பண்டிதர்கள் அலறினார்கள். அச்சுக் கோப்பவனுக்கு எத்தனை டைப்பு மிச்சம், படிக்க வரும் பிள்ளைக்கு எத்தனை நாள் மிச்சம் என்பதுதான் அதில் பார்க்கப்பட்டதே தவிர வேறு ரகசியம் ஒன்றுமில்லை. 43 வருஷம் கழித்து, 1978-ல், தமிழ்நாடு சர்க்காரே அதை உத்தரவு போட்டு ஏற்றுக்கொண்டது. இன்று அந்தப் பழைய துதிக்கையைக் காட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது இன்ன எழுத்து என்றே தெரியாது. தமிழ்த்தாய்க்கும் ஒரு கேடும் வந்துவிடவில்லை. ஆனால் சௌகரியம் என்று தெரிந்த ஒரு காரியம் சர்க்கார் வாசலை எட்ட 43 வருஷம் பிடித்தது என்பதை மாத்திரம் வாசகர்கள் மறக்கக்கூடாது.

நிற்க, எழுத்தைக் கருவியாகப் பார்க்காமல் குலதெய்வமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைக் காட்டலாம். அங்கே "ஃபிராக்டூர்" என்று ஓர் எழுத்து. முறிந்த கோடுகளும் முட்கொம்புகளுமாக, வேலி அடைத்தாற்போல் இருக்கும். மற்ற ஐரோப்பியர் பெரும்பாலும் ரோமன் எழுத்துக்கு வந்துவிட்ட பிறகும், "இது ஜெர்மானிய ரத்தத்தோடு கலந்த எழுத்து" என்று அங்கே அநேகர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1911-ல் ஜெர்மன் பார்லிமெண்டிலேயே இதைப் பற்றி வாதம் நடந்து, ரோமன் எழுத்து வேண்டுமென்றவர்கள் தோற்றார்கள். 1933-ல் நாஜிகள் வந்ததும் அந்த முள்ளெழுத்துக்கு இன்னும் அதிகப் பூஜை நடந்தது.

பிறகு நடந்த வேடிக்கையைப் பாருங்கள். 1941 ஜனவரி 3-ந் தேதி, நாஜிக் கட்சியின் மார்ட்டின் போர்மன் என்பவர் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். அதில் இந்த முள்ளெழுத்து ஜெர்மானிய எழுத்தே அல்ல, யூதர்களுடைய எழுத்து என்றும், இனி ரோமன் எழுத்துத்தான் சாதாரண எழுத்து என்றும் கண்டிருந்தது. யூத எழுத்து என்பதற்கு ஆதாரம் என்ன? ஒன்றுமில்லை. உண்மைக் காரணம், ஜெர்மனி பிடித்த தேசங்களில் உள்ள ஜனங்களுக்கு அந்த எழுத்தில் போடும் உத்தரவுகள் படிக்க வராமையேயாகும். நேற்றுவரை ரத்தத்தில் கலந்திருந்த எழுத்து இன்று விரோதியின் எழுத்தாயிற்று. இதில் மற்றொரு தமாஷ், அந்தச் சுற்றறிக்கை அச்சிட்ட காகிதத்தின் தலைப்பே அந்த முள்ளெழுத்தில்தான் இருந்தது. எழுத்துக்கு ஜாதியும் மதமும் கற்பித்தவன் கடைசியில் தன் காகிதத்தையே தீட்டாக்கிக் கொள்ளும்படி ஆயிற்று. "ஜனங்களுக்குப் படிக்க வரவில்லை, ஆகையால் மாற்றுகிறோம்" என்று யோக்கியமாகச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

அது போகட்டும், நாஜிகள் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஜனநாயகம் பேசும் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிக்கும் இலாகா, தன் தஸ்தாவேஜுகளுக்குக் "கூரியர் நியூ" என்ற டைப்ரைட்டர் மாதிரி எழுத்தை உபயோகித்து வந்தது. 2004-ல் அதை விட்டு "டைம்ஸ் நியூ ரோமன்" என்ற எழுத்துக்குப் போயிற்று. 2023-ல் பிளிங்கன் என்னும் மந்திரி, கண்பார்வை முதலிய குறையுள்ளவர்களுக்குச் சௌகரியம் என்று சொல்லிக் "காலிபிரி" என்ற எழுத்துக்கு மாற்றினார். 2025 டிசம்பரில் ரூபியோ என்னும் மந்திரி, அது கண்ணியக் குறைவானது, வீண் வேலை என்று சொல்லிப் பழைய சம்பிரதாயத்துக்குத் திரும்புவதாகக் கூறி "டைம்ஸ் நியூ ரோமன்" எழுத்தையே மறுபடியும் உத்தரவு போட்டார்.

சம்பிரதாயமாம்! அந்த எழுத்து லண்டன் "டைம்ஸ்" பத்திரிகைக்காக 1932-ல் உண்டாக்கப்பட்டது. பத்திரிகையின் குறுகிய பத்திகளில் அதிக வார்த்தைகள் அடங்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அமெரிக்க இலாகா அதை எடுத்துக்கொண்டதோ 2004-ல். 19 வருஷம் உபயோகித்த ஒன்று சனாதன சம்பிரதாயமாகிவிட்டது. நம் ஊரில் பாட்டன் காலத்தில் கட்டின கோயிலுக்கு ஆயிரம் வருஷத்து ஸ்தல புராணம் எழுதுகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

ஆனால் 2023-ல் மாற்றியவர்களையும் நாம் முழுதும் மெச்சிவிட முடியாது. பார்வையில்லாதவர்களுக்காக எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் இயந்திரம், கம்ப்யூட்டரில் உள்ள தஸ்தாவேஜில் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை; உள்ளே பதிந்திருக்கும் குறியைத்தான் படிக்கிறது. காகிதத்தைப் படம் பிடித்து அதிலிருந்து எழுத்தைக் கண்டுபிடிக்கும்போதுதான் உருவத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. காலில் குச்சம் உள்ள எழுத்து நல்லதா, குச்சமில்லாத எழுத்து நல்லதா என்பதிலோ, சோதித்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த முடிவில்லை. ஆகவே தர்மமான காரியம் என்று ஒருவர் சொன்னதற்காகவும், கண்ணியமான காரியம் என்று மற்றொருவர் சொன்னதற்காகவும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. "உங்கள் எழுத்தை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்த்தீர்கள்?" என்றுதான் இருவரையும் கேட்க வேண்டும்.

அப்படிச் சோதித்துப் பார்த்த ஓர் உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1958-ல் முதன் முதலாகப் பிரஸ்டன் நகருக்குப் பக்கத்தில் அதிவேக மோட்டார் ரோடு திறக்கப்பட்டது. அதுவரை ரோட்டுப் பலகைகளில் பெரிய எழுத்துகளாகவே எழுதி வந்தார்கள். வேகமாகப் போகிறவன் பலகையை நின்று படிக்க முடியாது. இதற்காக ஜாக் கின்னியர் என்பவரும், அவரோடு மார்கரெட் கால்வெர்ட் என்ற பெண்மணியும் சேர்ந்து, முதலெழுத்தை மாத்திரம் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிய எழுத்தாகவும் வைத்து, குச்சமில்லாத தெளிவான ஓர் எழுத்தை அமைத்தார்கள். கல்லில் எழுத்து வெட்டுவதில் பேர்போன டேவிட் கிண்டர்ஸ்லி என்பவர் இதை ஒப்பவில்லை. குச்சம் வைத்த பெரிய எழுத்தே மேல் என்று தாமும் ஓர் எழுத்தை அமைத்துக் காட்டினார்.

சண்டை வந்ததும் அவர்கள் சாஸ்திரத்தைப் புரட்டவில்லை. ஒரு விமான மைதானத்தில் ஜனங்களை மேடை கட்டி உட்கார வைத்து, ஒரு மோட்டார் வண்டியின் கூரையில் பலகையை மாட்டி, அதை அவர்களை நோக்கி ஓட்டி, எந்த எழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கிறார்கள் என்று அளந்தார்கள். முடிவு என்ன தெரியுமா? வித்தியாசம் வெகு சொற்பம். அந்தச் சொற்பமும் கல்வெட்டுக்காரருடைய எழுத்துக்கே சாதகம்! ஆனாலும், இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் பார்வைக்கு எது நன்றாயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று, கின்னியர் - கால்வெர்ட் எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1965 முதல் அந்த நாட்டு ரோடுகளிலெல்லாம் அந்தப் பலகைகள் ஏறின.

இதை நாம் மறைக்காமல் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. நல்ல எழுத்துகள் இரண்டை எடுத்துக்கொண்டால், அவற்றுக்குள் உள்ள பேதம் எழுத்து வியாபாரிகள் சொல்லுகிற அளவு பெரிதல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது. எழுத்தின் அளவு என்ன, வரிக்கும் வரிக்கும் இடைவெளி என்ன, காகிதத்தின் நிறத்துக்கும் மையின் நிறத்துக்கும் பேதம் போதுமா, முக்கியமான சேதி முதலில் இருக்கிறதா கடைசியில் இருக்கிறதா என்பவையே பெரிய காரியங்கள். இவற்றை விட்டுவிட்டு எழுத்தின் வளைவுக்குப் பல லட்சம் செலவு செய்வது, காலில் முள் தைத்தவனுக்குத் தலைப்பாகை வாங்கிக் கொடுப்பது போலாகும்.

அப்படியானால் சர்க்காருக்கென்று ஒரே எழுத்து எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் நியாயம் இருக்கிறது. இலாகாவுக்கு இலாகா, ஜில்லாவுக்கு ஜில்லா வெவ்வேறு ஜாடையில் காகிதம் வந்தால், எது சர்க்கார் காகிதம், எது புரட்டுக்காரன் காகிதம் என்று குடியானவன் திண்டாடுவான். ஒரே மாதிரி இருந்தால் பழக்கத்தில் கண்டுகொள்ளுவான். ஒவ்வோர் இலாகாவும் தனித்தனியே ஆள் வைத்து எழுத்தும் முத்திரையும் செய்யும் செலவும் மிச்சம். பிரிட்டிஷ் சர்க்கார் 2012-ல் தன் இலாகாக்களின் சேதிகளை ஒரே வலைத்தளத்தில் கொண்டுவர ஆரம்பித்தபோது, அந்தப் பழைய ரோட்டுப் பலகை எழுத்தையே கால்வெர்ட் அம்மையாரும் ஹென்ரிக் குபெல் என்பவரும் சேர்ந்து புதுக்கிய உருவத்தில் உபயோகித்தது. அந்த எழுத்தை அந்தத் தளத்தில் மாத்திரமே உபயோகிக்கலாம், மற்ற இடத்தில் சாதாரண எழுத்தையே உபயோகிக்க வேண்டும் என்று விதியும் வைத்தது.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தின் ஜாடையைக் காப்பியடிப்பது ஒரு நாழிகை வேலை. சர்க்கார் எழுத்தில் சேதி வந்தது என்பதற்காகவே அது சர்க்கார் சேதி என்று நம்பிப் பணத்தைக் கட்டுகிறவன், காவி கட்டினவனெல்லாம் துறவி என்று நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கிறவனுக்கு ஒப்பாவான். எழுத்து அடையாளத்துக்கு உதவும், அத்தாட்சிக்கு உதவாது. அனுப்பின இடம் எது, விலாசம் எது என்று விசாரித்தே நம்ப வேண்டும்.

இனி நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். கம்ப்யூட்டர் வந்த புதிதில், தமிழ் எழுத்துச் செய்து விற்ற ஒவ்வொருவரும் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதைத் தம் இஷ்டப்படி வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஓர் ஆபீசில் அடித்த காகிதத்தை வேறு எழுத்து வைத்திருக்கும் மற்றோர் ஆபீசில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பேயோட்டுகிறவனுடைய மந்திரம் போல ஏதோ உருவங்கள் வரும். அந்த வியாபாரியிடமே எழுத்து வாங்கினால்தான் படிக்கலாம். தன் சொந்தத் தாய்பாஷையில் சர்க்கார் எழுதின கடிதத்தைப் படிக்க ஒரு குடிமகன் ஒரு கடைக்காரனுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது என்பது இதன் அர்த்தம். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி, சர்க்கார் இரண்டு பொது முறைகளை ஏற்படுத்திற்று. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எண் வரிசை தரும் ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தும், தமிழ்நாடு சர்க்கார் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது 2010-ல்தான். உத்தரவு வந்த பிறகும் பழைய எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆபீசுகள் உண்டு. கை பழகிவிட்டது என்பது அவர்கள் சமாதானம். யாருடைய கை? மறுபடியும் மேஜைக்கு அந்தப்புறத்துக் கைதான்.

இந்திய சர்க்காரின் 2025-வது வருஷத்துக் கையேடு "நோட்டோ சான்ஸ்" என்ற எழுத்தைச் சொல்லுகிறது. கைப்பேசியில் ஓர் எழுத்துக்கு உருவம் இல்லாவிட்டால் அதன் இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வரும். பார்ப்பதற்கு அது டோஃபு என்னும் சோயாக் கட்டியைப் போலிருப்பதால் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் எந்தப் பாஷையிலும் வரக்கூடாது என்பதே இவ்வெழுத்தின் நோக்கம். பெயரும் அதிலிருந்து வந்ததே. காசு கொடுக்காமல் யாரும் உபயோகிக்கலாம். இந்தியப் பாஷைகள் பலவற்றின் எழுத்துகள் இக்குடும்பத்தில் இருக்கின்றன. அமெரிக்க சர்க்காரின் வலைத்தளங்களுக்காக 2019-ல் வெளியிடப்பட்ட "பப்ளிக் சான்ஸ்" என்பதும் இப்படி இலவசமானதே. ஜனங்களுடைய வரிப்பணத்தில் செய்த எழுத்து ஜனங்களுக்கே பொதுவாயிருப்பதுதான் முறை. பஞ்சாயத்து ஆபீசும், பள்ளிக்கூடமும், மனு எழுதிக் கொடுக்கிற கடையும் வாங்க முடியாத விலையில் ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு அதுதான் சர்க்கார் எழுத்து என்றால், அது எழுத்திலும் ஒரு அக்கிரகாரம் கட்டுவதேயாகும்.

அளவிலும் சமத்துவம் வேண்டும். கனடாவில் இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டும் சர்க்கார் பாஷைகள். 1970-ல் அவர்கள் ஏற்படுத்திய அடையாளத் திட்டத்தில், இரண்டு பாஷைக்கும் ஒரே எழுத்து, ஒரே மதிப்பு என்று வைத்தார்கள். ஒன்றைத் தலைமேல் தூக்கி வைத்து மற்றொன்றைக் காலடியில் பொடியாகப் போடுவதற்கு இடமில்லை. இங்கிலீஷில் பெரிதாகவும், ஜனங்கள் பேசும் பாஷையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்படியாகவும் பலகை எழுதுகிறவர்கள், யார் எஜமான், யார் வேலைக்காரன் என்பதை வார்த்தையில்லாமலே சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு சர்க்கார் தனக்கென்று எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை என்று நாம் கருதுபவை இவை. முதலாவது, 60 வயதுக்கு மேற்பட்ட ஒரு விவசாயியையும், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண்ணையும் உட்கார வைத்து, சாதாரண வீட்டு வெளிச்சத்தில் படிக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் தடுமாறுகிற எழுத்துத் தள்ளப்பட வேண்டும். இரண்டாவது, கொம்பு, புள்ளி, சுழி, கால் ஆகியவை மட்டமான காகிதத்திலும், விலை குறைந்த கைப்பேசியிலும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, இலக்கங்கள் ஒன்றுக்கொன்று மயங்கக்கூடாது. நான்காவது, எவரும் காசில்லாமல் உபயோகிக்கும்படியும், எந்த இயந்திரத்திலும் கெடாமல் திறக்கும்படியும் இருக்க வேண்டும். ஐந்தாவது, தேதி, தொகை, போக வேண்டிய இடம் ஆகிய மூன்றும் மந்திரிகளின் படத்தையும் பெயரையும்விடச் சிறிய எழுத்தில் இருக்கக்கூடாது. ஐந்தில் இந்தக் கடைசிதான் கஷ்டமானது. ஏனெனில் மற்ற நான்குக்கும் அறிவு போதும். இதற்கு அடக்கம் வேண்டும்.

தோழர்களே! இதற்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சாவடியிலோ, டீக்கடையிலோ சர்க்கார் நோட்டீசு ஒன்று ஒட்டப்பட்டால், அங்குள்ளவர்களில் மிக வயதான ஒருவரையும், புதிதாக எழுத்துக் கற்ற ஒருவரையும் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நின்றுவிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "இந்த நோட்டீசில் இன்ன வரி எங்கள் ஊரில் இரண்டு பேருக்குப் படிக்க வரவில்லை, திருத்தி ஒட்டுங்கள்" என்று கையெழுத்துப் போட்டு அந்த ஆபீசுக்கு அனுப்புங்கள். ஒரு கடிதத்தைக் குப்பையில் போடுவார்கள். நூறு கடிதம் வந்தால் கூடையில் இடம் இருக்காது.

படிக்கத் தெரியாதது நம் குற்றம் என்று வெகுகாலம் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான், படிக்க முடியாதபடி எழுதினவனுடைய குற்றத்தையும் நாமே தலைகுனிந்து ஏற்றுக்கொண்டு, "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறோம். இனி அப்படித் திரும்ப வேண்டாம். காகிதத்தை மேஜைமேல் வைத்து, "இதைத் தாங்களே படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கும் கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது என்றால், குற்றம் யாருடையது என்பது அங்கேயே தெரிந்துபோகும்.